செல்விக்குப் பத்தாத பட்டு

ஆனி மாதம், மூன்றாவது ஞாயிறு. அன்று காலை செல்வி கைப்பேசியில் அனுப்பிய செய்தியை என் நாட்குறிப்பில் எழுத்து மாறாமல் எழுதி வைத்திருக்கிறேன்: "புதன்கிழமை முகூர்த்தப் பட்டு எடுக்கிறோம். நீ வந்தே ஆகணும். வரலேன்னா நான் குனிஞ்சுக்கிட்டேதான் தாலி கட்டிக்குவேன், சொல்லிட்டேன்."

மிரட்டல் புரிய வேண்டுமானால் செல்வியைத் தெரிந்திருக்க வேண்டும். கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் என் அறைத் தோழி. இப்போது புதுக்கோட்டை மாவட்டத்தில், கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. எங்கள் விடுதியிலேயே உயரமானவள் அவள்தான். உயரத்தை மறைப்பதில் அவளுக்கு நல்ல பயிற்சியும் உண்டு. கதவருகே சாய்ந்து நிற்பாள், புகைப்படத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்துவிடுவாள், யாரிடம் பேசினாலும் கழுத்தை முன்னால் நீட்டிக் குனிவாள். கைப்பந்து ஆடும்போது மட்டும் முழு உயரத்துக்கும் நிமிர்ந்து நிற்பாள். அதைப் பார்க்கவே நான் மைதானத்துக்குப் போவேன். எனக்கு விளையாட்டு எதுவும் தெரியாது.

மாப்பிள்ளை கணேசன் அன்னவாசல்காரர், தொடக்கப் பள்ளி ஆசிரியர், செல்வியைவிட நான்கு விரல் குட்டை. அவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் பெண் பார்க்க வந்த அன்று அவருடைய அக்கா ராசாத்தி, செல்வியை அடியிலிருந்து முடிவரை பார்த்துவிட்டு, "பொண்ணு கொஞ்சம் ஒசரமோ?" என்று கேட்டிருக்கிறார். அந்த ஒரு கேள்வி செல்வியைப் பிடித்துக்கொண்டது. தாய் இல்லாத தம்பியை வளர்த்தவர் ராசாத்தி. அந்த வீட்டில் அவர் சொல்வதுதான் சொல். இந்தப் பக்கத்து வழக்கப்படி முகூர்த்தப் பட்டு மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. எனவே செல்வி கல்யாணத்தில் என்ன உடுத்துவாள் என்பதும் ராசாத்தியின் கையில்தான்.

நான் வேலை பார்க்கும் நூலகத்தில் மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

செவ்வாய்க்கிழமை. கீரமங்கலத்தில் இறங்கியதும் முதலில் வந்தது பூ வாசனை. அடுத்தது பலாப்பழ வாசனை. இரண்டும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்கவில்லை. கடைத்தெருவில் ஒரு பக்கம் முல்லையும் சம்பங்கியும் சாக்குச் சாக்காக எடைக்குப் போய்க்கொண்டிருந்தன. எதிர்ப் பக்கம் பலாப்பழங்கள் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்த ஆட்களைப் போல வரிசையாக இருந்தன. எங்கள் ஊரில் பலாச்சுளையைத் தள்ளுவண்டியில் பொட்டலமாகத்தான் பார்ப்போம். இங்கே செல்வியின் அம்மா கைக்கும் அரிவாளுக்கும் எண்ணெய் தடவிக்கொண்டு முழுப் பழத்தை என் கண் முன்னாலேயே பிளந்தார்.

"கோயமுத்தூருல இதெல்லாம் ஏதும்மா? நல்லாச் சாப்பிடு."

"போதுங்கம்மா."

"இப்பத்தானே ஆரம்பிச்சே!"

எங்கள் பக்கத்தில் "போதுங்க" என்று ஒரு முறை சொன்னால் கரண்டி நின்றுவிடும். இங்கே அந்தச் சொல்லுக்கு அந்தப் பலம் இல்லை. இரண்டு கையாலும் தட்டை மூடினால்தான் நம்புகிறார்கள். அப்போதும் விரலிடுக்கில் ஒரு சுளையைச் செருகிவிட்டுத்தான் போனார்.

சாயங்காலம் செல்வி பள்ளியிலிருந்து வந்தாள். என்னைக் கட்டிப்பிடிக்கும்போதே குனிந்தாள். நான் முறைத்தேன். சிரித்துவிட்டு, "நாளைக்கி மட்டும் எம் பக்கத்துலயே நில்லு. மதினி என்ன சேலை காட்டுனாலும் நான் தலையாட்டிருவேன். எனக்கே என்னைத் தெரியும்" என்றாள். கணவனின் அக்காவை இங்கே மதினி என்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்பே அவள் வாயில் அந்த முறை நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை. ராகு காலம் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கும் என்பதால் அதற்குள் சேலையைத் தேர்ந்தெடுத்து மஞ்சள் வைத்துவிட வேண்டும் என்று ராசாத்தி சொல்லி அனுப்பியிருந்தார். அடுத்த மாதம் ஆடி. ஆடியில் கடைகள் விலையைக் குறைத்துக் கூவிக் கூவி விற்கும். ஆனால் அந்த மாதம் யாரும் முகூர்த்தப் பட்டு எடுக்க மாட்டார்கள். விலை இறங்குவதற்குச் சற்று முன்னால் அவசரமாகப் போய் வாங்குவதை ஒரு சம்பிரதாயமாகவே வைத்திருக்கிறோம். எங்கள் ஊரிலும் இதே கதைதான்.

புதுக்கோட்டைக்குப் பேருந்தில் நாங்கள் மூன்று பேர்: செல்வி, அவள் அம்மா, நான். ஓட்டுநருக்குப் பக்கத்தில் பூக்கூடைகள். இருக்கைகளுக்கு அடியில் பலாப்பழங்கள். ஒரு வளைவில் வண்டி சட்டென்று நின்றதும் ஒரு பழம் உருண்டு நடைபாதை வழியாக முன்னால் போய் நடத்துநரின் காலில் முட்டியது.

"இது யாரு பெத்த பிள்ளைங்க? டிக்கெட் எடுக்காம எந்திரிச்சு வருது" என்றார் அவர்.

நான் ஜன்னலோரம் உட்கார்ந்து செல்விக்கு வரலாறு சொல்லிக்கொண்டு வந்தேன். தனி சமஸ்தானமாக இருந்த புதுக்கோட்டை 1948இல் இந்தியாவோடு சேர்ந்தது, தனி மாவட்டமானது 1974இல்தான், என்று. "என் ஊரை எனக்கே சொல்றியா? கேட்டுத் தொலைக்கிறேன், சொல்லு" என்றாள். பதற்றத்தில் இருக்கிறவர்களுக்கு ஆண்டுக் கணக்கு நல்லது என்பது என் அனுபவம்.

ஆலங்குடியைத் தாண்டியதும் டயர் வெடித்தது.

"எல்லாரும் எறங்கிக்கங்க. ஸ்டெப்னி இருக்கு. ஜாக்கி டிப்போல இருக்கு" என்றார் நடத்துநர்.

"ரெண்டையும் ஒண்ணா வச்சா ஓடிப் போயிரும்னு பிரிச்சு வச்சிருக்கீங்களா?" என்று பூக்கூடைக்கார அம்மா கேட்டார். ரோட்டோரப் புளியமரத்தடியில் எல்லோரும் சிரித்தோம், செல்வியின் அம்மாவைத் தவிர. அவர் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அடித்தது. ராசாத்தி, வீடியோவில்.

"எங்கிட்டு வர்றீங்க? மணி ஆவுதே!"

டயர் கதையைச் சொன்னோம். திரையில் ராசாத்தியின் காது தெரிந்தது, பிறகு கடையின் மின்விசிறி, பிறகு அரக்கு நிறத்தில் ஏதோ ஒன்று. சிக்னல் விட்டு விட்டு வந்தது.

"இந்தக் கலரு எப்புடி இருக்கு? மாம்பழக் கலரு பாடரு. மஞ்சள் வச்சிரவா? பன்னெண்டு ஆகப் போவுது."

செல்வி அம்மாவின் முதுகில் கிள்ளினாள். நானும் கையால் 'பொறுங்கள்' என்று சாடை காட்டினேன். ஆனால் அம்மாவின் வாய் தானாகவே வேலை செய்தது.

"ஒங்க இஷ்டந்தாங்க. நீங்க எடுத்தாச் சரியாத்தான் இருக்கும்."

இணைப்பு துண்டானது. "ஏம்மா இப்புடிப் பண்ணுனே?" என்று செல்வி கேட்டாள்.

"சும்மா இருடி. பொண்ணு வீட்டுக்காரங்க சேலையில வாய் வச்சா நல்லாவா இருக்கும்?"

அடுத்த பேருந்து பிடித்துப் பட்டுக்கடை இருந்த கீழராஜ வீதிக்குப் போய்ச் சேர்ந்தபோது ராகு காலம் தொடங்கியிருந்தது. நேர்கோட்டில் ஓடி செங்கோணத்தில் திரும்பும் தெருக்கள். வேறொரு நாளில் அவற்றை ரசித்து நடந்திருப்பேன். அன்று மூன்று பேரும் ஓடினோம்.

கடையின் மாடியில் ராசாத்தி காத்திருந்தார். நான் கற்பனை செய்துவைத்திருந்த கறாரான பெரிய உருவம் எங்கும் இல்லை. செல்வியின் தோளுக்குக்கூட எட்டாத, உருண்டை முகமும் உரத்த குரலும் கொண்ட ஒரு பெண் எழுந்து வந்தார். "வாங்க வாங்க. வேர்த்து விட்டிருக்கே. மோர் குடிக்கிறீங்களா? இந்தாத்தா, ஒன் சேலையைப் பாரு" என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார்.

அழகான சேலை. அதில் சந்தேகமே இல்லை. அரக்கு உடல், மாம்பழ நிறக் கரை, கரை நெடுகச் சின்னச் சின்ன மயில்கள். முந்தானை ஓரத்தில் ராசாத்தி வைத்த மஞ்சள் இன்னும் ஈரமாக இருந்தது. மஞ்சள் வைத்துவிட்டால் அந்தச் சேலை கடைக்குத் திரும்பாது. அது இரு வீட்டாரும் ஒப்புக்கொண்டதற்கு அடையாளம்.

கடைப் பெண் செல்வியின் சுடிதார் மேலேயே சேலையைச் சுற்றிக் கட்டிவிட்டாள். கண்ணாடி முன்னால் நிறுத்தினார்கள். கரை தரையை லேசாகத் தொட்டுக்கொண்டு நின்றது.

"அளவெடுத்து நெய்ஞ்ச மாதிரி இருக்குங்க" என்றார் விற்பனையாளர்.

"லட்சணமா இருக்கு" என்றார் செல்வியின் அம்மா.

ராசாத்தி கை கூப்பிக் கடவுளைக் கும்பிட்டார்.

நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை, பக்கவாட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சேலைக்குள் செல்வியின் இரண்டு முழங்கால்களும் மடிந்திருந்தன. பந்து வரப்போகிறது என்று காத்திருப்பவளைப் போல அரை உட்காரலில் நின்றுகொண்டு, முகத்தில் மட்டும் சிரிப்பை வைத்திருந்தாள். விளையாட்டுக்காரி ஆனதால் தொடை நடுங்காமல் நிற்க முடிந்தது. கல்யாணத்தன்று மண்டபத்தில், அத்தனை பேருக்கு நடுவில், வரவேற்பு முடியும்வரை இப்படியேவா நிற்பாள்? நின்றிருப்பாள். எனக்கு அதில் துளி ஐயமும் இல்லை.

நான் வெளியூர்க்காரி. சம்பந்திகளுக்கு நடுவில் பேச எனக்கு முறை கிடையாது. அவள் அருகில் போய் மடிப்பைச் சரிசெய்வது போலக் குனிந்து, "நேரா நில்லு புள்ள" என்றேன்.

"வேணாம்டி" என்றாள் உதட்டை அசைக்காமல்.

"நீ கூப்பிட்டதுக்குத்தான் வந்தேன். நிமிரு."

பிறகு சேலை மேலே போகத் தொடங்கியது. முதலில் பாதம் தெரிந்தது, பிறகு கணுக்கால், கொலுசு, அதற்கு மேலும் ஒரு சாண் சுடிதார். தோள் பின்னால் போனது. கழுத்து தன் இடத்துக்கு வந்தது. மைதானத்தில் மட்டுமே நான் பார்த்திருந்த செல்வி அந்தத் துணிக்கடையில் நின்றாள்.

"மதினி, எனக்கு இது பத்தலை" என்றாள். உரக்கச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

செல்வியின் அம்மா "அய்யோ" என்று வாயைப் பொத்திக்கொண்டார். விற்பனையாளர், "அதாங்க, நானும் சொல்லலாம்னுதான் இருந்தேன். பன்னா பத்தாது" என்றார். பன்னா என்றால் சேலையின் அகலம், உடுத்தினால் இடுப்பிலிருந்து பாதம்வரை விழுகிற அளவு. அளவெடுத்து நெய்த மாதிரி என்று சொன்ன அதே வாய்.

ராசாத்தி செல்வியின் கணுக்காலைப் பார்த்தார். தன் உடம்பைப் பார்த்துக்கொண்டார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"எம் மேல வச்சுல்ல பாத்தேன்! எனக்குத் தரையில பொரண்டுச்சு, ஒசரமான பிள்ளைக்குச் சரியா வரும்னு நெனச்சுப்புட்டேன். பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே கேட்டேனே, பொண்ணு கொஞ்சம் ஒசரமோன்னு. சேலை எடுக்கப் போறவ நானு, பன்னா பாத்து எடுக்கணுமேன்னுதான் கேட்டேன். கேட்டுப்புட்டு நானே மறந்துட்டேன் பாரு."

செல்வி என்னைப் பார்த்தாள். இரண்டு மாதமாகத் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி அவள் முகத்திலிருந்து வடிந்து போவதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் மஞ்சள் வைத்தாகிவிட்டதே? கரைக்குக் கீழே துணி சேர்த்துத் தைக்கலாம் என்றார் விற்பனையாளர். தாலி ஏறுவதற்கு முன்னால் அந்தச் சேலையில் ஊசி படக்கூடாது என்று இரண்டு வீட்டுப் பெண்களும் ஒரே குரலில் சொன்னார்கள். அன்று அவர்கள் ஒரே குரலில் பேசியது அதுதான் முதல் முறை. ராசாத்தி கண்ணை மூடி யோசித்தார்.

"மஞ்சள் வச்ச சேலை நம்ம கல்யாணத்துக்குள்ள வந்தாகணும். பொண்ணு மேலதான் வரணும்னு இல்லையே. தாலி கட்டும்போது நாத்தனார் முடிச்சுப் போடுறவ நானு. எனக்கு நீங்க ஒரு சேலை எடுக்கணும்ல? இதை எனக்கு எடுத்துருங்க. பொண்ணுக்கு நான் வேற எடுக்கிறேன். ராகு காலம் முடியட்டும்."

"ஒங்களுக்கு இது பொரளுமே மதினி" என்றாள் செல்வி.

"பொரண்டா மடிச்சுச் செருகிக்கிறேன். பத்தாததுக்குத்தான் வைத்தியம் கெடையாது. இருக்குறதை மடிக்கிறதுக்கா வழி இல்லை?"

ராகு காலத்தில் கீழராஜ வீதிக்கு ஒரு தனி நடைமுறை இருக்கிறது. சேலை எடுக்க வந்த கல்யாணக் கூட்டங்கள் மொத்தமும் ஒரே நேரத்தில் மெஸ்ஸுக்குள் நுழைகின்றன. எங்களுக்குப் பக்கத்து மேசையில் இரண்டு சம்பந்தி வீட்டார் பேச்சில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் ஏதோ நடந்திருக்கிறது. அவர்களுக்கு முட்டை மாஸ் போனது. வேகவைத்த முட்டையை வெங்காயத்தோடு கொத்திப் புரட்டியது, இந்த ஊருக்கு வந்தால் சாப்பிட வேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன். ஆனால் நாங்கள் மறுபடி பட்டைத் தொட வேண்டும், கவிச்சி கூடாது. வாசனையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கணேசன் பள்ளியில் அனுமதி வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். நடந்ததை அக்கா சொல்லச் சொல்லச் சாம்பார் சாதத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு சிரித்தார்.

"இவ ஒசரம்னு ஒனக்குத் தெரியாதாக்கா? மொத நாளு வீட்டுக்கு வந்து நான் என்ன சொன்னேன்?"

"என்ன சொன்னீங்க?" என்று செல்வி கேட்டாள்.

அவர் சாதத்தைப் பார்த்துக்கொண்டார். பதிலை ராசாத்தி சொன்னார். "அக்கா, இனி பரண்ல இருந்து பாத்திரம் எடுக்க ஸ்டூல் வேணாம்னான். வெளங்காத பய. பொண்ணப் பத்தி ஒருத்தன் பேசுற பேச்சா இது?"

செல்வி சிரித்ததில் புரையேறிவிட்டது. அவள் தலையைத் தட்ட ராசாத்தி கையை நீட்டினார், உட்கார்ந்திருந்தும் எட்டவில்லை. கணேசன் தட்டினார். பிறகு எல்லோர் முன்னாலும் தட்டிவிட்டோமே என்று கையை எங்கே வைப்பது எனத் தெரியாமல் அப்பளத்தை எடுத்துக்கொண்டார்.

ராகு காலம் முடிந்து மாடி ஏறினோம். பெரிய பன்னாவில் கடையில் இருந்தவை மூன்றே மூன்று. ஒன்று கத்தரிப்பூ நிறம். அதைச் செல்வியின் அம்மா பார்த்த வேகத்திலேயே ஒதுக்கினார். இன்னொன்று கட்டம் போட்டது. விற்பனையாளர் அதைத்தான் விரித்து விரித்துக் காட்டினார்.

"இதை எடுத்துக்கங்க. கட்டம் போட்டா ஒசரத்தைக் கொறைச்சுக் காட்டுமுங்க."

"கொறைச்சுக் காட்டுறதுக்கு நாங்க எதுக்கு எடுக்கணும்? ஒசரத்தைப் பாத்துத்தானய்யா பொண்ணெடுத்திருக்கோம்" என்றார் ராசாத்தி. "நீ சொல்லுத்தா. ஒனக்கு எது வேணும்?"

செல்வி தலையாட்டவில்லை. மூன்றாவதைக் கையில் எடுத்தாள். மயில்கழுத்து நிறம், கட்டமோ பூவோ இல்லாத வெற்றுடல், கரை நல்ல தடிமன். அதைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். நான் முழங்காலைப் பார்த்தேன். நேராக இருந்தது. கரை தரையைத் தொட்டது.

மஞ்சள் வைத்ததும் சேலையை மடித்துப் பெண்ணின் தோளில் போட்டு ஆசீர்வதிக்க வேண்டும். ராசாத்தி சேலையோடு முன்னால் வந்தார். செல்வியின் உடம்பு பழக்கத்தில் கீழே இறங்கத் தொடங்கியது.

"குனியாத! நில்லு அப்படியே."

சொல்லிவிட்டு ராசாத்தி செருப்பைக் கழற்றினார். பட்டு விரித்துக் காட்டுகிற மெத்தை மேடையில் ஒரு கையை ஊன்றி, "யப்பா முருகா" என்று ஏறி நின்றார். கடையே திரும்பிப் பார்த்தது. விற்பனையாளர் நான்கு சேலைகளை அவசரமாக அவர் காலடியிலிருந்து இழுத்தார். மேடை மேல் நின்றதும் இரண்டு பேருக்கும் கண்ணுக்கு நேர் கண் வந்தது. ராசாத்தி சேலையைச் செல்வியின் தோளில் போட்டார், இரண்டு கையாலும் அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்.

"இப்புடியேதான் மணவறையிலயும் நிக்கணும். கேட்டுச்சா?"

"கேட்டுச்சு மதினி."

"யாராச்சும் எறக்கி விடுங்க இப்ப. எனக்குத் தல சுத்துது."

செல்விதான் அவரை இடுப்பில் பிடித்துத் தூக்கி இறக்கினாள்.

வியாழக்கிழமை. நான் கிளம்பும் நாள். சித்தன்னவாசல் ஓவியங்களைப் பார்க்க வேண்டும் என்று வந்தபோதே திட்டமிட்டிருந்தேன், நேரம் இல்லை. அதற்குப் பதிலாகக் கீரமங்கலத்தில் ஒரு தையல்கடையில், ரவிக்கைக்கும் உள்பாவாடைக்கும் அளவு கொடுக்கப் போன செல்விக்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன். அவள் அம்மாவும் வந்திருந்தார்.

"பாவாடை நீளம் வைக்கணும். ஒங்க ஒசரம் எவ்வளவு?" என்று தையல்கார அக்கா எழுதிக்கொண்டே கேட்டார்.

"அஞ்சு பதினொண்ணு" என்றாள் செல்வி, தெருவரை கேட்கும்படி.

"அஞ்சு எட்டுன்னுதானேடி மாப்பிள்ளை வீட்டுக்கு எழுதிக் குடுத்தோம்?" என்று அம்மா பதறினார்.

"அது நீ எழுதுனதும்மா."

தையல்கார அக்கா நிமிர்ந்து ஒரு முறை அவளை முழுதாகப் பார்த்துவிட்டு அவள் சொன்னதையே எழுதிக்கொண்டார். அதற்குள் என் பேருந்து வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பழைய நாட்குறிப்புகளைப் புரட்டினேன். விடுதியில் சேர்ந்த ஆண்டில் அவள் உயரம் ஐந்தடி ஒன்பது என்று எழுதியிருக்கிறேன். அதுவும் அவள் சொல்லித்தான். அளவு நாடா அன்று தையல்கார அக்காவின் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஒருவரும் அவளைத் தலையிலிருந்து கால்வரை அளக்கவில்லை. ஆகவே மணப்பெண்ணின் உயரம் ஐந்தடி பதினொன்று என்பது அவள் வாய்மொழி மட்டுமே. நான் இன்னும் சரிபார்க்கவில்லை.